விசுவாசப்பிரமாணத்தில் சில வரிகளில் நாக்கு நின்றுவிடுகிறது. நான் ஞானத்தகப்பனாக நிற்கலாமா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். சாத்தான்குளம் பக்கத்துக் கிராமம், தாத்தா காலத்திலிருந்து சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) குடும்பம், நீங்கள் கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறீர்கள். அக்காள் பிள்ளைக்கு அடுத்த மாதம் ஊர்க் கோயிலில் ஞானஸ்நானம். குழந்தையின் சார்பில் வாக்குக் கொடுத்து அதன் விசுவாச வளர்ப்புக்குப் பொறுப்பேற்கும் ஞானத்தகப்பனாக உங்களை நிற்கச் சொல்லியிருக்கிறார்கள். ஆராதனையில் எல்லாரும் சேர்ந்து அறிக்கையிடும் விசுவாசப்பிரமாணத்தைச் சொல்லும்போது கன்னிகையிடத்தில் பிறந்தது, பாதாளத்தில் இறங்கியது, சரீரம் உயிர்த்தெழுவது ஆகிய இடங்களில் வாய் மட்டும்தான் அசைகிறது என்கிறீர்கள். கூட வேலை செய்யும் பெந்தெகொஸ்தே நண்பரோ புத்தகத்தைப் பார்த்துச் சொல்வது ஜெபமே அல்ல என்கிறார். இதற்கிடையில் சபை நிர்வாகத் தேர்தல் சண்டையில் ஊர்ச் சபை இரண்டுபட்டுக் கிடக்கிறது. ஒரு கட்சிப் பக்கம் சாய்ந்துவிட்ட குருவானவர் கையால் திருவிருந்து (கிறிஸ்துவின் நினைவாகக் கொடுக்கும் அப்பமும் ரசமும்) வாங்கினால் அது செல்லுமா என்று உங்கள் அப்பா கேட்கிறார். கேள்விகள் மூன்றாகத் தெரிந்தாலும் அடியில் இருப்பது ஒன்றுதான்: முழுதாக நம்ப முடியாத ஒருவன் இந்தச் சபையில் எங்கே நிற்பது?

நான் இறையியல் படித்து, தென்திருநெல்வேலிச் சேகரங்களில் குருவாகப் பணியாற்றி ஓய்வுபெற்றவன். ஒரு சேகரம் என்றால் ஒரு பெரிய ஊரும் அதைச் சுற்றிச் சில சிற்றூர்களும். குரு எல்லா ஊருக்கும் எல்லா ஞாயிறும் போக முடியாது. பல ஊர்களில் திருவிருந்து ஞாயிறு தவிர மற்ற நாட்களில் சபை ஊழியரே ஆராதனையை நடத்துவார். ஆகவே நான் சொல்லப்போவதில் பாதி படிப்பிலிருந்து வந்தது, பாதி அந்த ஊர்களிலிருந்து வந்தது. உங்கள் உள்ளத்தில் இருப்பது என்ன வகைச் சந்தேகம் என்பதை உங்கள் எழுத்தை மட்டும் வைத்து என்னால் அளக்க முடியாது. உங்கள் ஊர்ச் சண்டையில் நியாயம் யார் பக்கம் என்பதிலும் நான் தலையிடமாட்டேன்.

உங்கள் சபையை நீங்கள் ‘ஆங்கிலிக்கன்’ (இங்கிலாந்துத் திருச்சபை மரபு) என்று எழுதியிருப்பதை, ‘அது சி.எஸ்.ஐ., ஆங்கிலிக்கன் அல்ல’ என்று இன்னொருவர் திருத்தியிருக்கிறார். இருவர் சொல்வதும் சரிதான். 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில் ஆங்கிலிக்கர், மெதடிஸ்டுகள், பிரெஸ்பிட்டேரியர், காங்கிரிகேஷனல் சபையார் இணைந்து தென்னிந்தியத் திருச்சபை ஆனார்கள். ஆனால் திருநெல்வேலிச் சீமைக் கிராமங்களில் இருந்தவை பெரும்பாலும் எஸ்.பி.ஜி., சி.எம்.எஸ். என்ற இரண்டு ஆங்கிலிக்கன் மிஷனெரிச் சங்கங்கள் வளர்த்த சபைகள். நாசரேத், முதலூர், இடையன்குடி எஸ்.பி.ஜி. ஊர்கள், மெஞ்ஞானபுரம், டோனாவூர், சுவிசேஷபுரம் சி.எம்.எஸ். ஊர்கள். பெயர்ப்பலகை மாறியதே தவிர, ஆராதனை முறைகளும் ஜெபங்களும் அச்சிட்ட ஆங்கிலிக்க ஜெபப்புத்தகம் பழக்கிவைத்த பேச்சும் முழங்காலும் மாறவில்லை. இன்றைக்கும் தென்னிந்தியத் திருச்சபை உலக ஆங்கிலிக்க ஐக்கியத்தில் உறுப்பு. எனவே உங்கள் கேள்விக்கு ஆங்கிலிக்க மரபிலிருந்தே பதில் சொல்வது பொருத்தம்.

முதலில் விசுவாசப்பிரமாணம். இதில் ஐயத்துக்கு இடமில்லாத ஒரு செய்தியைச் சொல்லிவிடுகிறேன். நம் சபையார் பலருக்கு இது தெரியாது. தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது அப்போஸ்தலர் பிரமாணத்தையும் நிசேயா பிரமாணத்தையும் தன் விசுவாசத்துக்குச் சாட்சியாகவும் அதற்குக் காவலாகவும் ஏற்றுக்கொண்டது. அதோடு இணைப்பு ஒப்பந்தத்தில் ஒரு குறிப்பும் சேர்த்தார்கள். இந்தப் பிரமாணங்களில் உள்ள ஒவ்வொரு சொல்லுக்கும் ஒவ்வொரு தனிமனிதரும் சம்மதம் தெரிவித்தாக வேண்டும் என்று கோருவது நோக்கமல்ல. நியாயமான விளக்கச் சுதந்திரத்தை மறுப்பதும் நோக்கமல்ல. கிறிஸ்தவ விசுவாசம் முழுவதும் இவற்றுக்குள் அடங்கிவிட்டது என்று சொல்வதும் நோக்கமல்ல. அந்தக் குறிப்பின் சாரம் இதுதான். இங்கிலாந்தில் பழைய சடங்குகளையும் பேராயர் மரபையும் வற்புறுத்தும் உயர்சபைக் கட்சியார் இந்த இணைப்பையே கடுமையாக எதிர்த்தார்கள், கவிஞர் டி.எஸ். எலியட் 1943இல் எதிர்ப்புப் பிரசுரமே எழுதினார். அவ்வளவு எதிர்ப்புக்கு நடுவிலும் நம் முன்னோர் அந்தக் குறிப்பை எடுத்துவிடவில்லை. ஆகவே ஒரு வரியில் தயங்கி நிற்கிறவனைப் பொய்யன் என்று சொல்லும் உரிமை நம் சபையில் யாருக்கும் கிடையாது.

இங்கிலாந்திலேயே நடந்தது ஒன்றையும் சொல்கிறேன். வில்லியம் டெம்பிள் என்பவர் 1906இல் குருப்பட்டத்துக்குப் போனபோது, கன்னிப் பிறப்பிலும் சரீர உயிர்த்தெழுதலிலும் தனக்கு முழு உறுதியில்லை என்று ஒளிக்காமல் சொன்னார். ஆக்ஸ்போர்டு பேராயர் பட்டம் கொடுக்க மறுத்துவிட்டார். இரண்டு ஆண்டு கழித்து, அவர் மனம் ஓரளவு தெளிந்திருந்த நிலையில், இங்கிலாந்துத் திருச்சபையின் தலைமைப் பேராயரான கான்டர்பரி பேராயர் ராண்டல் டேவிட்சன் அவரைப் பட்டத்துக்கு ஏற்றுக்கொண்டார். அதே டெம்பிள் 1942இல் தாமே கான்டர்பரி பேராயர் ஆனார். இடையில் அவர் தலைமை வகித்த கோட்பாட்டுக் குழு 1938இல் அறிக்கை வெளியிட்டது. கன்னிப் பிறப்பை வரலாற்று நிகழ்ச்சியாக ஏற்கிறவர்களும், இயேசு மற்ற எல்லாரையும் போலப் பிறந்தார் என்றாலும் தேவன் மனிதனானார் என்ற விசுவாசம் குலையாது என்று கருதுகிறவர்களும் தங்களுக்குள் இருக்கிறார்கள் என்று அந்த அறிக்கை வெளிப்படையாகச் சொன்னது. உங்கள் சந்தேகத்தை நீங்கள் கண்டுபிடித்ததாக நினைத்திருந்தால், அந்தப் பெருமையை மட்டும் விட்டுவிடுங்கள்.

இதைச் சொன்னதும் ‘அப்படியானால் எதையும் நம்பவேண்டியதில்லை’ என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. நீங்கள் குறிப்பிட்ட மூன்று வரிகளும் ஒரே எடை உள்ளவை அல்ல. பாதாளத்தில் இறங்கியதைப் பற்றிய வரி, அப்போஸ்தலர் பிரமாணத்துக்கு முன்னோடியான பழைய ரோமப் பிரமாணத்தில் கிடையாது, பிறகு சேர்ந்தது. அதற்கு என்ன பொருள் என்பதில் சபைப் பிதாக்களே ஒரே கருத்தில் இல்லை. கன்னிப் பிறப்பு மத்தேயுவிலும் லூக்காவிலும் இருக்கிறது. மாற்கும் பவுலும் அதைச் சொல்லாமலே சுவிசேஷத்தை அறிவித்திருக்கிறார்கள். அது உண்மை என்றுதான் நான் நம்புகிறேன். ஆனாலும் விசுவாசத்தின் அஸ்திவாரக் கல் அது என்று வேதமே வைக்கவில்லை. உயிர்த்தெழுதல் அப்படியல்ல. “கிறிஸ்து எழுந்திருக்கவில்லையென்றால், எங்கள் பிரசங்கமும் விருதா, உங்கள் விசுவாசமும் விருதா” என்று பவுல் கொரிந்தியருக்குப் பட்டவர்த்தனமாக எழுதிவிட்டார். எந்த விதமான சரீரம், எப்படி என்பதில் அதே அதிகாரத்தில் அவரே நீளமாகத் திணறுகிறார். அங்கே விளக்கத்துக்கு இடமுண்டு. கிறிஸ்து மரித்தார், அதோடு கதை முடிந்தது என்று நினைக்கிற இடத்தில் நீங்கள் நின்றால், அது ஒரு வரியில் வந்த தயக்கம் அல்ல, வேறு கேள்வி. நீங்கள் எதில் நிற்கிறீர்கள் என்பதை நீங்கள்தான் பிரித்துப் பார்க்கவேண்டும்.

இன்னொன்று. பிரமாணம் முதலில் ஞாயிறு ஆராதனைக்காக உண்டானதல்ல. ஞானஸ்நானத் தண்ணீரில் நிற்பவரிடம் கேட்கப்பட்ட கேள்வி பதில்களிலிருந்து வளர்ந்தது. திருவிருந்து ஆராதனையில் அதைச் சொல்லும் வழக்கம் கிழக்கே ஐந்தாம் நூற்றாண்டின் கடைசியில்தான் தொடங்கியது. ரோமாபுரியில் 1014 வரை இல்லை. நம் முறைமையில் பிரசங்கம் கேட்டபின் ஊர் முழுக்க எழுந்து நின்று அதைச் சொல்கிறோம். அது சபையின் குரல். அதில் உங்கள் பங்கு ஒரு வரியில் சன்னமாக இருந்தால் பக்கத்தில் நிற்பவருடையது உரக்க இருக்கும். இன்னொரு ஆண்டு இது மாறியும் இருக்கும். ஒரு சேகரத்தில் இருந்தபோது, வளர்ந்த மகனை விபத்தில் பறிகொடுத்த வாழை விவசாயி ஒருவர் ஞாயிறு தவறாமல் வருவார். பிரமாணம் தொடங்கும்போது எழுந்து நிற்பார். “சர்வ வல்லமையுள்ள” என்ற சொல் வரும்போது உதட்டை இறுக மூடிக்கொள்வார். எதிர்ப்பக்கம் பாயிலிருந்து எழுந்து நிற்கும் அவர் மனைவி அந்தச் சொல்லை எல்லாரையும் விட உரக்கச் சொல்வார். இருவரும் ஒரே திருவிருந்துக்கு முழங்காலிட்டார்கள். அவர் பிறகு அந்தச் சொல்லைச் சொன்னாரா என்று நான் கவனிக்கவில்லை. பீடத்திலிருந்து உதடுகளைக் கணக்கெடுப்பது குருவின் வேலையல்ல.

ஆங்கிலிக்க மரபின் குணமே இதுதான். முதலாம் எலிசபெத் அரசியார் மனிதர் உள்ளத்துக்குள் ஜன்னல் வைத்துப் பார்க்க விரும்பவில்லை என்று பிரான்சிஸ் பேக்கன் எழுதினார். அதே அரசியாரின் 1559ஆம் ஆண்டுச் சட்டம், ஞாயிறு கோயிலுக்கு வராதவனுக்குப் பன்னிரண்டு பென்ஸ் அபராதம் போட்டது என்பதையும் மறைக்காமல் சொல்லவேண்டும்! உள்ளே என்ன நினைக்கிறாய் என்று கேட்கமாட்டோம், ஆனால் வந்து எல்லாரோடும் ஜெபி. அபராதம் போன இடம் தெரியவில்லை. அந்த மனப்பான்மை மட்டும் நம் ஊர்க் கோயில்கள் வரை வந்து சேர்ந்திருக்கிறது. 1662ஆம் ஆண்டு ஜெபப்புத்தகத்தில் திருவிருந்து முறைமைக்கு முன்னால் அச்சிட்டிருக்கும் குறிப்புகளை எடுத்துப் பாருங்கள். ஊரறியப் பாவத்தில் நடக்கிறவனைக் குரு நிறுத்தி வைக்கலாம். ஒருவருக்கொருவர் பகையும் வன்மமும் கொண்டிருப்பவர்களை, ஒப்புரவாகும் வரை பந்திக்கு விடக்கூடாது. பிரமாணத்தின் ஒரு வரியில் சந்தேகப்படுகிறவனைத் தடுக்கும்படி ஒரு குறிப்பும் இல்லை. மனச்சாட்சி அமைதிப்படாதவன் குருவிடம் வந்து பேசட்டும் என்று மட்டும் அறிவுரை இருக்கிறது. நம் ஊர்களில் நடப்பதோ தலைகீழ்: எதிர்க்கட்சிக்காரனோடு ஒரு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லாதவர் முதல் வரிசையில் முழங்காலிடுகிறார், கேள்வி கேட்கும் படித்த பையன் தனக்குத் தகுதியில்லை என்று கடைசிப் பாயில் உட்கார்ந்துவிடுகிறான்.

உங்கள் நண்பரின் குற்றச்சாட்டுக்கு வருகிறேன். எழுதிய ஜெபம் ஜெபமல்ல என்றால் சங்கீதங்கள் நூற்றைம்பதும் ஜெபமல்ல. சிலுவையில் இயேசு உரக்கக் கூப்பிட்டது இருபத்திரண்டாம் சங்கீதத்தின் முதல் வரி. அவர் சிறுவயதில் மனப்பாடம் செய்திருந்த ஜெபம்தான் உயிர் போகும் நேரத்தில் வாயில் வந்தது. இந்த ஒரு சான்று போதும், இதற்குமேல் வாதாட வேண்டாம். ஆனால் கிராமத்தில் அந்தப் புத்தகம் என்ன வேலை செய்திருக்கிறது என்பதைச் சொல்லாமல் விட மனமில்லை.

சின்னச் சின்ன ஊர்களிலும் சாயங்காலம் கோயில் மணி அடிக்கும். சபை ஊழியர் விளக்கைப் போட்டு ஜெபப்புத்தகத்தைத் திறப்பார். அறுவடை, கருப்பட்டிக் காலங்களில் வருகிறவர்கள் நாலைந்து பாட்டிகள். அவர்களில் ஒருவர், பனையேறும் குடும்பத்தில் பிறந்து வாழ்க்கைப்பட்டவர், எழுத்து என்றால் கைநாட்டு மட்டும். மரியாளின் பாட்டு வரும்போது ஊழியரின் குரலுக்கு அரை வார்த்தை முன்னாலேயே அவர் குரல் போய்க்கொண்டிருக்கும்: “பலவான்களை ஆசனங்களிலிருந்து தள்ளி, தாழ்மையானவர்களை உயர்த்தினார்.” மேல்சாதித் தெருவிலும் கோயில் வாசலிலும் நிற்கவிடாத தலைமுறைகளின் பேத்தி அவர். தன் சொந்த வார்த்தையில் ஜெபிக்கச் சொன்னால் பேரனுக்கு வேலை, முட்டுவலி, மழை என்று கேட்டிருப்பார், அவையும் ஜெபம்தான். ஆனால் ராஜாக்கள் கவிழ்வதைப் பற்றிய வரியைத் தினமும் சாயங்காலம் அவர் வாயில் வைத்தது அந்தப் புத்தகம். வழிபாடு மக்களுக்குப் புரியும் மொழியில் நடக்கவேண்டும் என்று ஆங்கிலிக்க மரபின் கொள்கைகளைத் தொகுத்த முப்பத்தொன்பது கோட்பாடுகளில் இருபத்துநான்காவது சொல்கிறது. இங்கே அதை நிறைவேற்றியவர்கள் ஊர் ஊராய் நடந்துபோய்ச் சொல்லிக்கொடுத்த உபதேசிமார். பத்துக் கட்டளை, கர்த்தருடைய ஜெபம், விசுவாசப்பிரமாணம் மூன்றும் வராமல் திடப்படுத்தல் (ஞானஸ்நானம் பெற்றவர் வளர்ந்தபின் பேராயர் முன் தன் விசுவாசத்தை உறுதிசெய்யும் சடங்கு) கிடையாது என்ற கண்டிப்பு இருந்ததால்தான் எழுத்தறியாதவர்கள் கையிலும் ஒரு வழிபாடு முழுதாக இருந்தது.

நண்பர் சொல்வதில் நியாயமே இல்லை என்று சொல்லமாட்டேன். வேகமாகப் பாவ அறிக்கையை முணுமுணுத்துவிட்டு, பாவமன்னிப்புக்கு ஆமென் சொல்வதற்குள் பாமாலைப் பக்கத்தைப் புரட்டுகிற ஆராதனைகளை நானே நடத்தியிருக்கிறேன். ஆவியின் அனலைத் தேடுவதும் இந்த மண்ணுக்குப் புதிதல்ல. 1860இல், உலகத்தில் பெந்தெகொஸ்தே சபை என்ற பெயரே இல்லாத காலத்தில், அருளப்பன் என்பவரின் கிறிஸ்தியான்பேட்டையைச் சுற்றி ஓர் எழுப்புதல் கிளம்பி திருநெல்வேலி சி.எம்.எஸ். சபைகளுக்குள் பரவியது, அழுகை, நடுக்கம், அந்நியபாஷை எல்லாம் அப்போதைய மிஷனெரி அறிக்கைகளில் பதிவாகியிருக்கின்றன. அதற்கு மூன்று வருஷம் முன்னால், நாசரேத் பக்கம் சட்டாம்பிள்ளை என்ற அருமைநாயகம் மிஷனெரிமாரின் அதிகாரத்தையே உதறிவிட்டு, சனிக்கிழமை ஓய்வுநாளை ஆசரிக்கும் தனிச் சபை கண்டார். அமைதியாகப் புத்தகம் வாசித்துக்கொண்டு மட்டும் இருந்த கிறிஸ்தவம் இங்கே எக்காலத்திலும் இல்லை. இன்றும் உங்கள் ஊர்க் கோயிலிலேயே உபவாச ஜெபமும் முழு இரவு ஜெபமும் நடக்கும். அங்கே ஒருவரும் புத்தகத்தைத் தொடமாட்டார்கள். ஒன்றை மட்டும் நண்பரிடம் கேளுங்கள்: மனம் வறண்டுபோய், சொந்தமாக ஒரு வார்த்தையும் வராத வாரத்தில் அவர் எப்படி ஜெபிக்கிறார்? எனக்கு அப்படிப்பட்ட வாரங்களில் புத்தகம்தான் கைகொடுத்தது.

இடையில் ஒரு விஷயம். நீங்கள் கேட்டதெல்லாம் படித்தவனின் சந்தேகங்கள். ஊரில் என்னிடம் வந்த விசுவாசக் கேள்விகளில் கன்னிப் பிறப்பைப் பற்றி ஒன்றுகூட நினைவில்லை. மழைக்காக ஊரே கூடி ஜெபித்தோம், மறுநாள் பக்கத்து ஊரில் பெய்துவிட்டது, அவர்கள் ஜெபிக்கவே இல்லையே ஐயா என்று தேரிக்காட்டு ஓரத்து முருங்கை விவசாயி கேட்டார். பழைய ஜெபப்புத்தகத்தில் மழைக்கென்றே ஜெபம் இருக்கிறது. ஆனால் யார் வயலில் பெய்யவேண்டும் என்று குறிப்பிட அதில் இடமில்லை என்றேன். சிரித்தார், திருப்திப்படவில்லை. கோயில் பொது விருந்தான அசனத்துக்கு ஆடு நேர்ந்துகொண்டு, பிள்ளை பிறந்தபின் கொடுக்க முடியாமல் போனதால்தான் பிள்ளைக்குச் சீக்கா என்று ஒரு தாய் கேட்டார். அதற்கு மட்டும் நான் தயங்காமல் ‘இல்லை’ என்றேன். வேதத்தில் இல்லாததை இரட்சிப்புக்கு அவசியம் என்று யார்மேலும் சுமத்தக்கூடாது என்பது நம் ஆறாவது கோட்பாடு. நிறைவேறாத நேர்ச்சைக்குத் தேவன் குழந்தையைப் பிடித்துவைப்பார் என்பதை எந்தச் சபையும் சொல்ல முடியாது. அசனம் நல்ல வழக்கம். ஜாதி மதம் பாராமல் ஊர் முழுக்க ஒரே சோற்றைத் தின்னும் நாள் வேறு எது இருக்கிறது? பயத்தில் கொடுக்கும் ஆடு மட்டும் வேண்டாம். நம் கிராமங்களில் விசுவாசம் தடுமாறுவது பிரமாணத்தில் அல்ல, இந்த மாதிரி இடங்களில்தான் என்பது என் அபிப்பிராயம்.

அப்பாவின் கேள்விக்குப் பதில் மிகவும் பழையது, தெளிவாகவும் இருக்கிறது. நான்காம் நூற்றாண்டில் வட ஆப்பிரிக்காவில், துன்புறுத்தலின்போது வேதப் புத்தகங்களை ஒப்படைத்துவிட்ட குருமாரின் கையால் நடந்த சடங்குகள் செல்லாது என்று தொனாத்துவின் கட்சியார் பிரிந்து போனார்கள். திருமுழுக்கும் திருவிருந்தும் கிறிஸ்துவினுடையவை, கொடுக்கும் கையினுடையவை அல்ல என்று அகுஸ்தீன் அவர்களுக்குப் பதில் எழுதினார். நம் இருபத்தாறாவது கோட்பாடு அதையே சொல்கிறது: ஊழியனின் தீமை சாக்கிரமெந்தின் (ஞானஸ்நானம், திருவிருந்து என்ற திருச்சடங்குகளின்) பலனைக் கெடுக்காது. அதே கோட்பாட்டின் இரண்டாம் பகுதியை மறந்துவிடுகிறோம். அப்படிப்பட்ட ஊழியனைப் பற்றி விசாரணை நடக்கவேண்டும், குற்றம் உறுதியானால் நீக்கவேண்டும் என்றும் அது சொல்கிறது. எனவே அப்பா திருவிருந்து வாங்கலாம், அது செல்லும். குருமேல் நியாயமான புகார் இருந்தால் அதைப் பேராயருக்கு எழுதுவதும் தவறல்ல. வாங்குவது சமரசமும் அல்ல, எழுதுவது பாவமும் அல்ல.

ஆனால் அப்பாவிடம் நான் கேட்க விரும்புவது வேறு. தென்னிந்தியத் திருச்சபையின் 1950ஆம் ஆண்டுத் திருவிருந்து முறைமையில், காணிக்கை படைக்குமுன் ஒருவர் கைகளை ஒருவர் பற்றிச் சமாதானம் சொல்லும் பழக்கத்தைச் சுரியானிக் கிறிஸ்தவர் மரபிலிருந்து எடுத்துச் சேர்த்தார்கள். உலகத்தின் பல ஆங்கிலிக்க சபைகள் பிறகு இதைத் தங்கள் ஆராதனைக்குள் கொண்டுவந்தன. நாம் உலகத்துக்குக் கொடுத்த சில காரியங்களில் இது ஒன்று. தேர்தல் முடிந்த ஊரில் அந்த நேரத்தில் நடப்பதைப் பீடத்திலிருந்து பார்த்தால் வெட்கமாக இருக்கும். கை வரிசையாக வந்துகொண்டிருக்கும். ஒரு தூணுக்குப் பக்கத்தில் வந்ததும் ஒருவர் திடீரென்று வேட்டியைச் சரிசெய்யக் குனிவார், அடுத்தவர் மேலே மின்விசிறியைப் பார்ப்பார், கை அந்த இருவரையும் தாண்டிப் போய்விடும். குருவானவர் கை சுத்தமா என்று கேட்கிற அப்பா, அந்தத் தூணுக்குப் பக்கத்தில் என்ன செய்கிறார்? தெரியாமல்தான் கேட்கிறேன். பழைய பாட்டிமார் பலர், பக்கத்து வீட்டுக்காரியோடு மனஸ்தாபம் என்றால் அந்த மாதம் திருவிருந்துக்குப் போகாமல் பாயிலேயே உட்கார்ந்திருப்பார்கள். சிலர் அதை ஒப்புரவாகாமல் இருக்கச் சாக்காகவும் வைத்துக்கொண்டார்கள் என்பது உண்மைதான். ஆனாலும் எது பந்திக்குத் தடை என்பதில் அவர்களுக்குக் குழப்பமில்லை.

கடைசியில் ஞானத்தகப்பன் விஷயம். இங்கே கொஞ்சம் கடுமையாகச் சொல்லவேண்டியிருக்கிறது, ஏனென்றால் ஞாயிறு பிரமாணமும் ஞானஸ்நானப் பிரமாணமும் ஒன்றல்ல. ஞாயிற்றுக்கிழமை நீங்கள் கூட்டத்தில் ஒரு குரல். தொட்டியின் பக்கத்தில் உங்களைப் பார்த்துக் கேட்பார்கள், நீங்கள் பதில் சொல்லவேண்டும். 1662 முறைமையில் ஞானப்பெற்றோர் குழந்தையின் சார்பில் பதில் சொல்கிறார்கள். பிசாசையும் அவன் கிரியைகளையும் வெறுத்துவிடுகிறாயா, இந்த விசுவாசத்தின் பிரமாணங்களை நம்புகிறாயா, இந்த விசுவாசத்தில் ஞானஸ்நானம் பெற விரும்புகிறாயா, தேவனுடைய கட்டளைகளில் நடப்பாயா என்று கேள்விகள் வரும். பிறகு குழந்தைக்குப் பிரமாணமும் கர்த்தருடைய ஜெபமும் பத்துக் கட்டளையும் கற்றுக்கொடுக்கவேண்டும், பிரசங்கம் கேட்க அழைத்துவரவேண்டும், வயது வந்ததும் திடப்படுத்தலுக்குக் கொண்டுவரவேண்டும் என்று பொறுப்பு ஒப்படைக்கப்படுகிறது. இப்போதைய முறைமைகளில் பெற்றோருக்கே முதல் இடம். வாசகமும் சற்று மாறும். பொறுப்பு மாறவில்லை.

என் தீர்ப்பு இது. வேறு குரு வேறு மாதிரி சொல்லலாம். பிதாவை, கிறிஸ்துவை, ஆவியானவரை நம்புகிறாயா என்று கேட்டால் தடுமாற்றத்தோடாவது ‘ஆம்’ என்று சொல்ல உங்களால் முடியும், இந்தப் பிள்ளை சபையில் வளரவேண்டும் என்று உண்மையாகவே விரும்புகிறீர்கள் என்றால் நில்லுங்கள். பாதாளமும் கன்னிப் பிறப்பும் உங்களுக்குத் தெளியாமல் இருப்பது அதற்குத் தடையல்ல. கிறிஸ்தவம் குடும்ப வழக்கம், அதனால் நிற்கிறேன் என்ற அளவில்தான் இருக்கிறது என்றால் நிற்கவேண்டாம். அக்காள் வருத்தப்படுவார்; மாமன் என்ற உறவும் மாமன் செய்யவேண்டிய சீரும் எங்கும் போய்விடாது, நகையும் உடுப்பும் எடுத்துக்கொண்டு முன்வரிசையில் உட்காருங்கள். இரண்டுக்கும் நடுவில் இருந்தால், எதில் ‘ஆம்’ எதில் ‘இன்னும் இல்லை’ என்று குருவானவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டு அவர் சொல்வதைக் கேளுங்கள். டெம்பிள் செய்தது அதைத்தான்.

உங்கள் குருவானவர்மேல் அப்பாவுக்கு நம்பிக்கையில்லை என்பதால் உங்களுக்கும் தயக்கம் இருக்கும். அப்படியென்றால் பக்கத்துச் சேகரக் குருவிடமோ, சிறுவயதில் உங்களுக்குத் திடப்படுத்தல் வகுப்பு எடுத்தவரிடமோ போகலாம். அதில் ஒன்றும் முறைகேடு இல்லை. ஊருக்குப் போகும்போது ஞானஸ்நான முறைமையை முதல்நாளே ஒருமுறை வாசித்து, எந்தக் கேள்வியில் நாக்கு நிற்கிறதோ அதில் பென்சிலால் கோடு போட்டுக்கொள்ளுங்கள். ஞாயிறு காலையில் மட்டும் போய் நிற்காதீர்கள். குருவானவருக்கு அன்றைக்கு அடுத்த ஊர் ஆராதனைக்கும் ஓடவேண்டியிருக்கும். வாரநாளில், சாயங்கால ஜெபம் முடிந்து ஊழியர் கதவைப் பூட்டும் நேரத்தில் போனால் திண்ணையில் உட்கார்ந்து நிதானமாகப் பேசலாம்.